பதினொரு கைநாத்து

என்னை முதலில் கெடுத்தவன் தவசிலிங்கம். அவனுக்கு முன்னால் என் வரப்பைக் கொத்திச் சேர்த்துக்கொண்டவன் உண்டு, என் கிணற்றுத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டவன் உண்டு, ஆனால் அவர்களுக்கெல்லாம் நான் பதிலுக்குச் செய்து முடித்துவிட்டதால் அவர்களை இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. தவசிலிங்கம் செய்ததுதான் பதிலுக்குச் செய்ய முடியாததாய், என் தோட்டத்துத் தென்மேற்கு மூலையில் பதினொரு மிளகாய்ச் செடியாய், இலை சுருண்டு இன்றைக்கும் நிற்கிறது.

அவன் என் சகலை. என் பெண்சாதி சீனித்தாயின் தங்கச்சி அய்யம்மாளைக் கட்டியவன், என்னைவிட ஆறு வயது இளையவன். எங்கள் ஊர் நெடுங்கரிசலில், எவன் வீட்டு மிளகாய் நாற்று முதலில் நடுகைக்கு எழுகிறதோ, அவன் ஒரு கைப்பிடி நாற்றைப் பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, சொந்தக்காரன் வீடு தேடிப் போய் இரண்டு கையாலும் கொடுப்பான். அதற்குக் கைநாத்து என்று பெயர். வாங்கினவன் அதைத் தோட்டத்தின் தென்மேற்கு மூலையில், மற்ற நாற்றெல்லாம் நடுமுன்னே நட வேண்டும். நட்ட கைநாத்தை வேற்றாள் தொடக் கூடாது. அது கெட்டுப்போனால் வாங்கினவன்தான் பிடுங்க வேண்டும், பிடுங்கும்போது கொடுத்தவன் எதிரே நின்று, கொடுத்த மாதிரியே இரண்டு கையையும் நீட்டித் திரும்ப வாங்கி, "குறை என்னுது" என்று வாயால் சொல்ல வேண்டும், அதை வாங்கினவன் காதால் கேட்க வேண்டும். இரண்டே வார்த்தை. சொல்லிக் கேட்டுவிட்டால் ஒன்றுமில்லை, இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து சோறு தின்பார்கள். சொல்லாமல் கேட்காமல் பிடுங்கினால், செடியில் இருந்த நோய் நிற்க இடமில்லாமல் வீட்டுக்குள் வரும் என்பார்கள். அதனால் யாரும் அப்படிப் பிடுங்கினதில்லை.

அந்தப் புரட்டாசியில் தவசிலிங்கம் கைநாத்து கொண்டுவந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் நிலைக்கதவைப் பார்த்துக்கொண்டு நீட்டினான். சீனித்தாய் கொடுத்த மோரைக் குடிக்காமல் போனான். அப்போதே எனக்குத் தட்டியிருக்க வேண்டும். நட்டு இருபதாம் நாள் கொழுந்து இலையின் இரண்டு ஓரமும் மேல்பக்கமாய் ஏறி, தோணி மாதிரி வளைந்து, பிறகு நரம்பு தடித்து, இலை சிறுத்து, செடி கைகால் முடங்கின பிள்ளை மாதிரி நின்றுவிட்டது. இலையைத் தட்டினால் வெள்ளை ஈ மாவு பறந்த மாதிரி எழும்பி, காற்றில் கொஞ்சம் நின்று, அடுத்த செடியில் போய் உட்காரும். பதினைந்து நாளில் என் இரண்டு ஏக்கரும் சுருண்டது, பிறகு ஊர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாய்ச் சுருண்டன. புளித்த மோர் தெளித்தோம், வேப்பெண்ணெய் தெளித்தோம், சாம்பல் தூவினோம். வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து ஒரு இலையைக் கிள்ளிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது வைரஸ்ங்கய்யா. செடிக்குள்ள போயிட்டா மருந்து கிடையாது. ஒரு செடி நின்னாலும் அதுலருந்து ஈ ஊரெல்லாம் கொண்டுபோகும். பிடுங்கி எரிச்சிருங்க" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அய்யம்மாள் என் வீட்டு அடுப்படியில் அக்காளிடம் அழுதுகொண்டிருந்தாள். "எங்க நாத்தங்கால்லயே மூணு பாத்தி சுருண்டுச்சுக்கா. வெளியில தெரியாம பிடுங்கி ஓடைக்குள்ள போட்டோம். மாமாவுக்குக் குடுத்தது நாலாம் பாத்தி" என்றாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். என் காது அப்போது நல்ல காது, எறும்பு ஊர்ந்தால் கேட்கும்.

மறுநாள் காலையில் பரிபூரணத்தின் டீக்கடையில் அவனைப் பிடித்தேன்.

"தவசி, கைநாத்து கெட்டுப்போச்சு. வந்து திரும்ப வாங்கு."

"ஊரெல்லாம்தான் சுருண்டு கெடக்கு அண்ணாச்சி. எல்லாத்தையும் நானா குடுத்தேன்?"

"மூணு பாத்திய ஓடையில போட்டவன், நாலாம் பாத்திய எனக்கு எதுக்குலே கொண்டாந்தே?"

அவன் கிளாசுக்குள் பார்த்தான். "நாலாம் பாத்தி நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்தா உன் தோட்டத்துல நட்டிருக்க வேண்டியதுதான."

"ஏ கொம்பையாண்ணே, செடிக்கு நோவு வந்தா ஆளுக்கு எதுக்கு மூஞ்சி சுருளுது?" என்றாள் பரிபூரணம். "டீயக் குடிங்க ரெண்டு பேரும். இன்னுங் கொஞ்சம் மொறைச்சா பால் திரிஞ்சிரும்." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தவசிலிங்கமும் சிரித்தான். அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் கூட நான் ஒருவேளை விட்டிருப்பேன்.

"நீ வந்து கையை நீட்டி, ஊர் முன்னால அந்த ரெண்டு வார்த்தையச் சொல்லுறவரைக்கும் அந்தப் பதினொன்னும் நிக்கும்லே" என்றேன். "அதுக்கு நான் தண்ணி ஊத்துவேன்."

ஊரார் தங்கள் செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். கார நெடியில் மூன்று நாள் ஊர் முழுக்க இருமியது. நானும் என் இரண்டு ஏக்கரைப் பிடுங்கி எரித்தேன். பதினொன்றை மட்டும் நிறுத்தி, காலையும் சாயங்காலமும் குடத்தில் கொண்டுபோய் ஊற்றினேன். சாட்சியைக் கொன்றுவிட்டு வழக்குச் சொல்ல முடியாது.

மார்கழி பிறந்து நாலாம் நாள் பரிபூரணத்தின் காது சுருண்டது. காலையில் பால் ஊற்ற வந்தவன் பார்த்துச் சொன்னான். மடல் ஓரம் மேல்பக்கமாய் ஏறி, தோணி மாதிரி வளைந்து, நரம்பு பச்சையாய்ப் புடைத்திருந்தது. வலி இல்லை என்றாள். கம்மல் மட்டும் நிற்காமல் கழன்று விழுந்தது, அதை முந்தானையில் முடிந்துகொண்டு டீ ஆற்றினாள். பத்து நாளில் மடல் சுருட்டிய வெற்றிலை மாதிரி ஆகித் துளையை மூடிக்கொண்டது. அதற்குள் தெற்குத் தெருவில் ஏழு பேருக்கும், பள்ளிக்கூடத்தில் இரண்டு வாத்தியார்களுக்கும், கோயில் பூசாரிக்கும் ஆகியிருந்தது. சுருண்ட காதைச் சுண்டினால் உள்ளேயிருந்து வெள்ளை ஈ மாவாய் எழும்பி, கொஞ்சம் நின்று, பக்கத்தில் இருப்பவர் காதைப் பார்த்துப் போனது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வேனில் வந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், காதுகளைப் படம் பிடித்தார்கள், சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆபீஸ் பெண்பிள்ளை மறுபடி வந்து, ஆளுக்கு என்ன செய்வதென்று தனக்குத் தெரியாது, செடிக்குச் சொல்வதைத்தான் சொல்ல முடியும் என்று சொல்லி, செடிக்குச் சொல்வதைச் சொன்னாள். வெள்ளை ஈ மஞ்சள் நிறத்தைத் தேடி வரும், மஞ்சள் தகட்டில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஒட்டிக்கொள்ளும், தோட்டத்தைச் சுற்றி நெருக்கமாய்ச் சோளம் போட்டால் தாண்டி வராது. ஊரார் அதை வீட்டுக்குச் செய்தார்கள். வாசலுக்கு வாசல் எண்ணெய் வடியும் மஞ்சள் தகடு தொங்கியது. வீட்டைச் சுற்றி நாலு வரிசை சோளம் விதைத்தார்கள். தையில் சோளம் ஆள் உயரம் ஏறி, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு தெரியாமல் போனது. காது கேட்காத ஊர் கண்ணும் தெரியாத ஊராய் நின்றது.

பெண்கள் மஞ்சள் தேய்த்துக் குளிப்பதை நிறுத்தினார்கள். மஞ்சள் பூசின தாலிக்கயிற்றில் ஈ மொய்த்தது. கழற்றவும் கூடாது, போட்டிருக்கவும் பயம் என்று கறுப்புத் துணியில் கயிற்றைச் சுற்றித் தைத்துக்கொண்டார்கள். தை முகூர்த்தத்தில் நடந்த ஒரே கல்யாணத்தில் வெறும் வெள்ளைக் கயிற்றில் தாலி கட்டினார்கள், மேளக்காரர்கள் பழக்கத்துக்கு வாசித்தார்கள், கெட்டிமேளம் என்று பூசாரி கையைச் சுழற்றிக் காட்டிய பிறகுதான் ஜனம் அரிசியைப் போட்டது. மஞ்சளில்லாத அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பயந்து பலரும் சாப்பிடாமலே எழுந்து போனார்கள்.

முதலில் சண்டைகள் குறைந்தன, திட்டினால் கேட்க ஆள் இல்லை என்பதால். பிறகு திட்ட முடியாததையெல்லாம் கையால் செய்ய ஆரம்பித்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையின் கால் பெருவிரலில் நூலைக் கட்டி மறுமுனையைத் தங்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள், பிள்ளை அழுது உதைத்தால் நூல் இழுக்கும். நூல் இழுக்காமல் பிள்ளை அழுதுகொண்டே இருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் அவர்கள் ஐந்து நிமிசத்துக்கு ஒருமுறை நூலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் பிறகு எந்தக் கையும் சும்மா இல்லை, எதையாவது தொட்டுப் பார்த்தபடியே இருந்தது.

சீனித்தாயின் காது மட்டும் சுருளவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவள் ஊருக்கே காதானாள். பாலுக்கு அழும் பிள்ளையை ஓடிப்போய்த் தாய்க்குக் காட்டுவாள், பஸ் ஆரன் அடித்தால் சேலையை உயர்த்தி ஆட்டுவாள், செல்போனில் வெளியூர்ப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுத் தகப்பன்மாருக்குக் கையால் விளக்குவாள். காலையில் கதவைத் திறந்தால் சோளத்துக்கு நடுவே பத்துப் பேர் நிற்பார்கள். "எனக்கு ரெண்டு காதுதான இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போவாள். எனக்கு அப்போது பாதி கேட்டது. வலது காது ஓரம் ஏற ஆரம்பித்திருந்தது. அதை யாருக்கும் காட்டாமல் துண்டைத் தலைப்பாகையாய் இறக்கிக் கட்டிக்கொண்டேன். என் செடியால்தான் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் என் காதும் சுருண்டால், தவசிலிங்கம் எப்படிச் சிரிப்பான் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டுக்கார மூக்கன் அந்த மாசக் கடைசியில் செத்தான். நல்ல மத்தியானம், கரி லாரி பின்னால் வந்தது. டிரைவர் வெளியூர்க்காரன், ஆரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறான், ஒதுங்குவான் ஒதுங்குவான் என்று. ஆடுகளெல்லாம் ஒதுங்கிவிட்டன. மூக்கன் ஆடுகள் ஏன் ஓடுகின்றன என்று நின்று பார்த்திருக்கிறான். எழவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், ஒருத்தி பாடுவது ஒருத்திக்குக் கேட்காமல் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பாட்டைப் பாடினாள், அதை முழுசாய்க் கேட்டவள் சீனித்தாய் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் மூக்கனப் பாடல. ஆளுக்கு ஒரு பயத்தப் பாடுதாளுக" என்றாள். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து நின்று கத்திச் சொன்னாள்.

"அதப் பிடுங்கிப் போடுங்க."

"அவன் வந்து கையை நீட்டட்டும்."

"நீட்டாட்டி?"

"நிக்கும்."

"என் காதும் போனா?"

அவள் என் தலைப்பாகையைப் பார்த்தாள். தெரிந்திருக்குமோ என்று பயந்து நான் குடத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

ஊரும் வந்து பார்த்தது. நாற்பது பேர் என் தோட்டத்து வரப்பில் நின்றார்கள். ஒரு வீச்சில் வெட்டிப் போட்டிருக்கலாம், எல்லார் கையிலும் களைக்கொத்து இருந்தது. ஆனால் கைநாத்தை வேற்றாள் தொட்டால் நோய் தொட்டவன் வீட்டுக்குள் வரும் என்று பயந்தார்கள். ஏற்கெனவே வந்துவிட்ட நோய் இன்னும் எங்கே வரப்போகிறது என்று ஒருவனும் நினைக்கவில்லை, நினைத்தவனும் முன்னால் வரவில்லை. கும்பிட்டார்கள். பரிபூரணம் மண்ணில் விழுந்தாள், எழுந்து, தன் சுருண்ட காதை என் கண்ணுக்கு நேரே இழுத்துக் காட்டினாள். நான் தவசிலிங்கத்தின் வீடு இருக்கும் திசையைக் கை நீட்டிக் காட்டினேன்.

தவசிலிங்கத்தை வரச் சொல்லிச் சீனித்தாய் தங்கச்சி வீட்டுக்கு மூன்று நாள் நடையாய் நடந்தாள். அவளுடைய இடது காதின் ஓரம் முதல்நாள் இலேசாய் ஏறியது, மூன்றாம் நாள் முழுசாய் மூடியது. வலது காது மிச்சம் இருந்தது. அந்த மூன்று நாளில் என் இரண்டு காதும் தலைப்பாகைக்குள் முழுசாய் அடைந்துவிட்டன. முதலில் ஈயின் சத்தம் போனது, அடுப்பில் விறகு வெடிப்பது போனது, குடத்தில் தண்ணீர் இறங்குவது போனது, கடைசியாய்ச் சீனித்தாயின் குரல் போனது. அவள் பேசும்போது நான் தலையை ஆட்டிச் சமாளித்தேன். முப்பத்தெட்டு வருசக் குடித்தனத்தில் அவள் என்ன சொல்வாள் என்பது எனக்கு முக்கால்வாசி தெரியும்.

நாலாம் நாள் காலை, வெயில் ஏறும் நேரத்தில், தவசிலிங்கம் சோளத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பின்னால் அய்யம்மாள், அதற்குப் பின்னால் ஊர். அவன் காதுகளும் சுருண்டிருந்தன. இளைத்திருந்தான். நான் குடத்தை இறக்கி வைத்தேன். சீனித்தாய் வந்து என் பக்கத்தில், மிச்சமிருந்த வலது காது அவன் பக்கமாய் இருக்கும்படி நின்றாள். அவன் பதினொரு செடிக்கும் எதிரே வந்து, கொடுத்த மாதிரியே இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். இந்த முறை என் முகத்தைப் பார்த்தான். வாய் திறந்தது, அசைந்தது, மூடியது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சீனித்தாய் என் கையைப் பிடித்து உலுக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. தலையை மேலும் கீழும் ஆட்டினாள். சொல்லிவிட்டான் என்கிறாள். ஊர் அவள் தலை ஆடுவதைப் பார்த்துத் தானும் தலையாட்டியது. நான் குனிந்தேன். முதல் செடியின் தண்டைப் பிடித்தேன். மண் ஈரமாய் இருந்தது, இழுத்தால் வந்துவிடும், வேர் ஒன்று அறுந்து கொடுத்ததும் கையில் தெரிந்தது. அப்போது நிமிர்ந்து தவசிலிங்கத்தின் முகத்தைப் பார்த்தேன். பாரத்தை இறக்கி வைத்தவனின் முகம் அது. தாடை தளர்ந்து, தோள் இறங்கி, போய்ச் சாப்பிடலாம் என்று நிற்கிறவனின் முகம். இத்தனை மாசமாய் நான் காத்திருந்தது என் காதில் இன்னும் விழவில்லை, அதற்குள் அவனுக்கு முடிந்துவிட்டது.

நான் கையை எடுத்தேன். தலைப்பாகையை அவிழ்த்து என் இரண்டு காதையும் காட்டினேன்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், அதுவும் எனக்குக் கேட்கவில்லை.

அவனுக்கு நான் சொன்னது கேட்டிருக்காது, ஆனால் புரிந்தது. மறுபடி சொன்னான். கழுத்து நரம்பு புடைக்க, மூன்றாவது தடவையும் சொன்னான். அய்யம்மாள் என் காலைப் பிடித்தாள். சீனித்தாய் ஓடி வந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, என் வலது காதில் வாயை வைத்து, அவன் சொன்னதை எனக்குள் கத்தினாள். சூடான மூச்சு மட்டும் வந்தது. அந்த மூச்சில் என் காதுக்குள் இருந்த ஈக்கள் கலைந்து, மாவாய் எழும்பி, எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் கொஞ்சம் நின்றன. இத்தனை நாளாய்த் தலைப்பாகைக்குள் நான் மூடி வைத்திருந்தவை. நான் கையை வீசினேன். அவை விலகி, அவளுடைய வலது காதில் போய் உட்கார்ந்தன.

மற்றவர்களுக்குப் பத்து நாள் ஆனது. அவளுக்கு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆனது, உச்சி வெயிலில் இலை சுருள்கிற மாதிரி, ஓரம் ஏறி, வளைந்து, மூடிக்கொண்டது. அவள் கத்திக்கொண்டே இருந்தாள். பிறகு தன் சத்தம் எங்கே போனதென்று தேடுகிறவள் மாதிரி நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது. மணிக்கட்டில் அவள் யாருக்கோ கட்டிவிட மறந்த நூல் ஒன்று தொங்கியது. சோளத்துக்கு நடுவே நின்ற ஊர், கடைசிக் காதும் மூடினதைப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் கையால் தொட்டபடி பின்னுக்கு நகர்ந்தது.

பிடுங்கிவிடுகிறேன் சீனி என்று நான் சொன்னேன். சொன்னது உண்மை. அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது தவசிலிங்கம் கையை நீட்டியபடியேதான் நின்றான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், குறை யாருடையது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டவன் மாதிரி. அந்தப் பார்வைக்கு நான் எப்படிக் குனிந்து செடியைப் பிடுங்க முடியும்?

மாசி பிறந்துவிட்டது. சீனித்தாய் சோறு வைக்கிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. அறுபது வீட்டிலும் பிள்ளைகளின் கால்விரலில் நூல் இருக்கிறது. பக்கத்து ஊரில் நேற்று ஒருவனுக்குக் கடுக்கன் கழன்று விழுந்ததாய்ப் பஸ்காரன் கையால் காட்டினான். நான் தண்ணீர் ஊற்றும் நேரத்துக்குத் தவசிலிங்கம் தினமும் வருகிறான், எதிரே நிற்கிறான், இரண்டு கையையும் நீட்டுகிறான், வாயைத் திறந்து மூடுகிறான், போகிறான். அந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்கிறான் என்கிறார்கள். சொல்லலாம். வாங்கினவன் காதால் கேட்க வேண்டும் என்பதுதான் முறை, அதை நான் உண்டாக்கவில்லை. மூன்றாவது செடியில் ஒரு பூ வைத்திருக்கிறது. எனக்கு வர வேண்டியது இன்னும் வந்து சேரவில்லை.